சங்கத்து மொய்

மதுரையில் வெந்நீரை நம்பி ஒருவர் தொழில் செய்ய முடியுமா என்று கேட்டால் இன்றைக்கும் சிரிப்பார்கள். சித்திரை வைகாசியில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து இறங்குகிற தண்ணீரில் கையை நீட்டினால் சுட்டுவிடும். வாளியில் பிடித்து ஆறவைத்துத்தான் குளிக்க வேண்டும். அப்படிப்பட்ட ஊரில், எண்பதுகளின் நடுவில், வெயிலைக்கொண்டு வெந்நீர் போடும் கருவி செய்து விற்கிறோம் என்று கிளம்பிய ஏழெட்டுப் பேருக்கு ஒரு சங்கம் இருந்தது. அந்தச் சங்கத்தில் சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான். வாங்கினேன் என்பதும் கொஞ்சம் மிகைதான். கொடுக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டிருந்தார்கள்.

நான் பி.காம். முடித்துவிட்டு, செல்லூரில் இரண்டு மூன்று பட்டறைகளுக்குக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அப்பா மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எங்கள் வீட்டில் பால்காரருக்குக் கொடுத்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் காணிக்கை வரை எல்லாம் நோட்டில் ஏறும். அந்தப் பழக்கத்தோடு போய்ச் சங்கத்துக் கணக்கைப் பார்த்தால் எனக்கு முதல் வாரமே தலைவலி வந்துவிட்டது. செலவுப் பக்கம் டீ, பன், தபால்தலை, வாடகை என்று நிரம்பி வழிந்தது. வரவுப் பக்கத்தைத் துணி போட்டுத் துடைத்து வைத்திருந்தார்கள்.

உறுப்பினர்களில் படித்த என்ஜினீயர் என்று யாரும் கிடையாது. ஒருவர் லாரி ரேடியேட்டரில் ஓட்டை அடைக்கிறவர். ஒருவர் கண்ணாடிக் கடைக்காரர். எங்கள் சங்க அறை அவருடைய கடைக்கு மேல் மாடியில்தான் இருந்தது. தலைவர் தகரப் பட்டறை வைத்திருந்தார். வாளி, அண்டா, தண்ணீர்த் தொட்டி செய்கிறவர். பிளாஸ்டிக் குடம் வந்து அவருடைய வாளி வியாபாரத்தைக் கெடுத்தபோது, யாரோ கொண்டுவந்து காட்டிய ஒரு வெந்நீர்க் கருவியைப் பிரித்துப் பார்த்திருக்கிறார். பெட்டி தகரம், உள்ளே செம்புக் குழாய், மேலே கண்ணாடி, கறுப்புப் பெயின்ட். "இம்புட்டுதானா?" என்று கேட்டாராம். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் சங்கமே பிறந்தது.

அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு காந்தத் திசைகாட்டி இருக்கும். கண்ணாடிப் பெட்டி தெற்கே பார்த்துச் சாய்ந்திருக்க வேண்டும் என்பதால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் மாடிக்கு ஏறி அதை எடுத்துப் பார்ப்பார். என்னைத் தங்கச்சி என்பார். கோபமே வராது. கோபப்பட வேண்டிய இடங்களில் எல்லாம் அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட்டேன்.

சங்கத்தின் வேலை ஒன்றே ஒன்று. வெந்நீர்க் கருவி வாங்குகிறவர்களுக்கு அரசாங்க மானியம் இருந்தது. ஆனால் சோதனைக்கு அனுப்பித் தேறிய கருவிக்குத்தான் மானியம். சோதனைக் கட்டணத்தைத் தனித்தனியாகக் கட்ட எந்தப் பட்டறைக்கும் தெம்பில்லை. எல்லோரும் ஒரே அளவில் ஒரே மாதிரி செய்து, சங்கத்தின் பெயரில் ஒன்றைச் சென்னைக்கு அனுப்பி, ஒரு சான்று வாங்கிவிட்டால் போதும் என்று முடிவு செய்தார்கள். ஒரு மிஷன் ஆஸ்பத்திரி, சான்று வந்தால் மாடி முழுக்கப் போட்டுக்கொள்வதாக வாய்வார்த்தை கொடுத்திருந்தது. தலைவர் அதை நம்பிக் கடனுக்குச் செம்பு வாங்கிக் குழாயும் வளைத்துவிட்டார்.

கட்டணம் கட்டச் சந்தா வர வேண்டும். மாதா மாதம் கேட்டுப் போவேன். ரேடியேட்டர்க்காரர், "அடுத்த மாசம் சேத்துத் தாரேன் தங்கச்சி" என்பார். அடுத்த மாதமும் அதே அடுத்த மாதத்தையே சொல்லுவார். கண்ணாடிக் கடைக்காரர் இன்னும் மேல். என்னை உட்காரவைத்துக் கலர் சோடா வாங்கிக் கொடுத்து, சந்தாவைவிட அதிகமாகச் செலவு செய்து வெறுங்கையோடு அனுப்புவார். அத்தனை பேரும் நல்லவர்கள், ஒருவரும் சந்தா கட்டமாட்டார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவே சந்து சந்தாக அலைந்து அலைந்து எனக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஒருநாள் இதையெல்லாம் தலைவரிடம் கொட்டித் தீர்த்தேன். அவர் திசைகாட்டியை உருட்டிக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, சந்தான்னு கேட்டா எவனும் தரமாட்டான். மொய்யின்னு சொல்லு. வட்டிக்கு வாங்கியாவது கொண்டாந்து வெப்பான்."

எனக்கு மொய் பிடிக்காது. எங்கள் கிறிஸ்தவக் கல்யாணங்களில் உறையில் போட்டுப் பெயர் எழுதிக் கையில் கொடுப்போம். இங்கே மேசை போட்டு, நோட்டு வைத்து, யார் எவ்வளவு என்று மைக்கில் ஊருக்கே வாசிப்பார்கள். வாங்கியவர், கொடுத்தவர் வீட்டு விசேஷத்தில் அதற்குமேல் கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். மறந்துபோனால் உறவே முறிந்துவிடும். இவ்வளவும் தெரிந்திருந்ததால், சங்கத்துக்கு வருகிற மொய்யைச் சங்கம் எப்படித் திருப்பும் என்று கேட்டேன். அதெல்லாம் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார் தலைவர். சங்கத்துக்கு அந்த 'அப்போது' வரவே வராது என்று அவர் நம்பினார்.

மாடி அறைக்கு வெள்ளையடித்து, பால் காய்ச்சிக் குடிபோகும் விசேஷம் என்று பத்திரிகை அடித்தோம். சங்கத்துக்குக் கிரகப்பிரவேசம் செய்த ஊர் வேறு ஏதாவது உண்டா என்று எனக்குத் தெரியாது. அதிலும் ஒரு சிக்கல் வந்தது. பால் காய்ச்சுவது விடியும் முன்னால். எங்கள் தலைவரோ சூரிய அடுப்பில்தான் பால் காய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கண்ணாடி மூடி போட்ட பெட்டி அடுப்பு ஒன்றை உறுப்பினர் ஒருவர் செய்து வைத்திருந்தார். விடிவதற்கு முன்னால் சூரியனுக்கு எங்கே போவது? ஜோசியரைக் கெஞ்சி, பத்து மணிக்குமேல் ஒரு நல்ல நேரம் வாங்கினார்கள்.

அன்றைக்கு வெயிலுக்குக் குறையில்லை. ஆனால் பெட்டி அடுப்பு சோற்றை நிதானமாக வேகவைக்கும், பாலைப் பொங்கவைக்காது. இது அதைச் செய்தவர்களுக்கே அன்றுதான் தெரிந்தது. பால் சுட்டது, ஆடை கட்டியது, அதோடு சும்மா இருந்தது. ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு எல்லோரும் பெட்டியைச் சுற்றி நின்று பாலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நல்ல நேரம் நழுவிக்கொண்டிருந்தது. தலைவர் வாசலில் ஆட்களை வரவேற்கக் கீழே இறங்கியபோது, கண்ணாடிக் கடைக்காரர் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கு ஓடினார். மண்ணெண்ணெய் ஸ்டவ் 'புஸ்' என்று சத்தம் போட்டது. நுரை கட்டிய பாத்திரத்தைத் துணியில் பிடித்துக்கொண்டு வந்து பெட்டிக்குள் வைத்தார். வைத்த வேகத்தில் பால் விளிம்பைத் தாண்டி வழிந்தது. பொங்கிவிட்டது என்று எல்லோரும் குரல் கொடுத்தோம்.

தலைவர் படியேறி ஓடிவந்தார். வழிந்த பாலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். முதல் தம்ளர் அவருக்குத்தான். அவர் குடித்து முடிக்கும்வரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. ஸ்டவ் விஷயத்தை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

மொய்யோ கொட்டியது. சந்தா கேட்டால் அடுத்த மாதத்தைக் காட்டிய அதே ஆட்கள் சலவை நோட்டோடு வந்து வரிசையில் நின்றார்கள். செம்புக் கடைக்காரர், பெயின்ட் கடைக்காரர், தறிக்காரர்கள் எல்லோரும் வைத்தார்கள். மைக்கில் பெயர் வரும்போது அவரவர் தோளை நிமிர்த்திக்கொண்டதைப் பார்த்தபோது, நான்கு மாதம் செருப்புத் தேய நடந்ததற்குப் பதிலாக ஒரு மைக்கை வாடகைக்கு எடுத்திருக்கலாம் என்று தோன்றியது. அந்தப் பணத்தில் கருவி சென்னைக்குப் போயிற்று. முதல் முறை ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை தேறியது, ஆஸ்பத்திரி வேலையும் கிடைத்தது. மிச்சம் மீதி இருந்ததையும் அந்த இரண்டாம் முறை விழுங்கிவிட்டது.

சான்று வந்த சந்தோஷம் அடங்குவதற்குள் 'அப்போது' வந்துவிட்டது. ரேடியேட்டர்க்காரர் குழந்தைக்குக் கீழக்குயில்குடியில் காதுகுத்து. பத்திரிகையில் மஞ்சள் தடவி, சங்கத்தின் பெயரை எழுதி, மாடிக்கே வந்து தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். பணப்பெட்டியில் ரிக்‌ஷாவுக்குக் கொடுக்கக்கூடச் சில்லறை இல்லை. தலைவரிடம் சொன்னேன். "சாயங்காலம் வாரேன்" என்று போனார். வந்தபோது கையில் பணம் இருந்தது. சங்கத்தின் பெயரில் எழுதிவிட்டு வரச் சொன்னார். கணக்கில் ஏற்ற வேண்டாம் என்றார்.

அப்படித்தான் சங்கத்து மொய்யைக் கொண்டுபோய் எழுதுவது என் வேலையானது. மலையடியில் கிடா வெட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். மேசைமுன் நான் போய் நின்று சங்கத்தின் பெயரைச் சொன்னதும், மொய் எழுதுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மைக்கில் சங்கத்தின் முழுப் பெயரையும் ஒரே மூச்சில் வாசிக்க முடியாமல் நடுவில் மூச்சு வாங்கினார். பிறகு அலங்காநல்லூர்ப் பக்கம் ஒரு சடங்கு, செல்லூரிலேயே ஒரு வீடு குடிபோவது, செம்புக் கடைக்காரர் வீட்டில் வளைகாப்பு என்று வரிசையாக வந்தன. ஒவ்வொன்றுக்கும் வைத்ததற்குமேல் சேர்த்துச் செய்ய வேண்டும். மனிதர்களுக்கு இவ்வளவு விசேஷம் இருக்கிறது என்பது எனக்கு அந்த வருஷம்தான் உறைத்தது. ஒவ்வொரு தடவையும் தலைவர் "வாரேன்" என்று போய்ப் பணத்தோடு வந்தார்.

அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை. அவருடைய பட்டறைக் கணக்கையும் நான்தான் எழுதினேன். மகள் கல்யாணத்துக்கென்று மாதா மாதம் கட்டிவந்த ஏலச்சீட்டை, பெரிய தொகையைத் தள்ளுபடியாக விட்டுக்கொடுத்து நடுவிலேயே எடுத்துவிட்டிருந்தார். கல்யாணம் நிச்சயமாகி, ஆவணியில் முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. ஒருநாள் கணக்கு நோட்டு வாங்க அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மனைவி காப்பி கொடுத்துக்கொண்டே, சீட்டு முழுசாக முடிகிற மாசமும் கல்யாண மாசமும் எப்படிச் சேர்ந்து வந்திருக்கிறது பார் என்று சந்தோஷமாகச் சொன்னார். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன்.

நேரே பட்டறைக்குப் போய்ச் சண்டை போட்டேன். சந்தா கட்டாதவர்களுக்கு உங்கள் மகள் பணத்தை எடுத்து மொய் செய்கிறீர்களே, இது என்ன நியாயம் என்று கேட்டேன். ஆஸ்பத்திரி வேலையைப் பங்கு போட்டு எடுத்துக்கொண்டு நாலு காசு பார்க்கிறார்களே, அவர்களிடம் சொன்னால் என்ன என்றேன். தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தவர் சுத்தியலைக் கீழே வைத்தார்.

"சங்கம் மொய் செய்யலைன்னு ஒரு பந்தல்ல பேச்சு வந்துட்டா, அப்புறம் சங்கம் ஏது தங்கச்சி? அவய்ங்ககிட்ட மட்டும் சொல்லிராத."

சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர்மேல் இரக்கத்தால் மட்டும் இல்லை, ஆத்திரத்தாலும். அன்றிலிருந்து கண்ணாடிக் கடைக்காரர் கலர் வாங்கிக் கொடுத்தால் குடிக்கமாட்டேன் என்று மறுத்தேன். ஏன் என்று அவர் கேட்டார். வயிறு சரியில்லை என்றேன். நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேனே தவிர, முகத்தைக் காப்பாற்றத் தெரியவில்லை.

வருஷ முடிவில் ஆடிட்டர் கணக்கைப் பார்த்தார். சங்கம் ஊரெல்லாம் மொய் செய்வதை அவரும் பந்தல்களில் கேட்டிருக்கிறார். எந்தத் தலைப்பிலும் அந்தச் செலவு இல்லையே, யார் கொடுத்தது என்று கேட்டார். தெரியாது என்றேன். உறுப்பினர் சந்தா என்ற பக்கத்தில் எல்லாப் பெயருக்கும் நேரே பாக்கி, பாக்கி என்று இருந்ததைச் சுட்டி, இதை வசூல் செய்யாமல் அடுத்த வருஷம் கையெழுத்துப் போடமாட்டேன் என்று கறாராகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஆவணி வந்தது. பெரிய மண்டபம் என்று பேசியிருந்தது சின்ன மண்டபமாயிற்று. போடுவதாகச் சொன்ன நகையில் குறை விழுந்தது. மாப்பிள்ளை வீட்டார் முகத்தைத் தூக்கினார்கள். மீதியைக் கல்யாணம் முடிந்த கையோடு போட்டுவிடுவதாகத் தலைவர் சம்பந்தியிடம் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். அதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி, பந்தலில் விழும் மொய்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவர் திருப்பிச் செய்தாயிற்று. ஆனால் எல்லாம் சங்கத்தின் பெயரில். அவர் பெயரில் வர வேண்டியது கொஞ்சம்தான். நோட்டைப் பார்த்த எனக்கு அது தெரியும். அதனால்தான் மண்டபத்தில் எனக்கு நிற்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை.

தாலி கட்டி முடிந்ததும் மொய் மேசையைப் போட்டார்கள். சங்கத்தின் பெட்டியில் ஒன்றும் இல்லை. தலைவர் வீட்டுக் கல்யாணத்திலேயே சங்கம் மொய் செய்யவில்லை என்று பேச்சு வந்தால் அவர் தாங்கமாட்டார் என்று, அப்பாவிடம் கேட்டு வாங்கிய பணத்தை உறையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். எனக்கு முன்னால் கண்ணாடிக் கடைக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவர் முறை வந்தது. பெரிய நோட்டுகளாக எடுத்து வைத்தார். பெயர் கேட்டார்கள். தன் பெயரைச் சொல்லாமல் சங்கத்தின் பெயரைச் சொன்னார்.

மைக்கில் சங்கத்தின் நீளப் பெயர் வந்தது. அவருக்கு அடுத்து என்னைத் தள்ளிக்கொண்டு ரேடியேட்டர்க்காரர் போய் நின்றார். அவரும் சங்கத்தின் பெயரையே சொன்னார். அவர் பின்னால் செம்புக் கடைக்காரர், அவர் பின்னால் இன்னொருவர். ஒவ்வொருவரும் வைத்தது, அவர்கள் வீட்டில் சங்கம் செய்ததைவிட எவ்வளவோ மேல். மொய் எழுதுகிறவர் பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"ஏப்பா, ஒரு சங்கம் எத்தன வாட்டிப்பா மொய் செய்யும்?"

"இதெல்லாம் கிளைச் சங்கம்ணே. நீங்க எழுதுங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

மணமேடைப் பக்கம் சம்பந்தியோடு பேசிக்கொண்டிருந்த தலைவர், முதல் தடவை பெயர் வந்தபோது என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார். இரண்டாம் தடவை வந்தபோது ஒலிபெருக்கியைத் திரும்பிப் பார்த்தார். மூன்றாம் தடவைக்குப் பிறகு பேசிக்கொண்டிருந்ததைப் பாதியில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கடைசியாக நான் போய் என் உறையைக் கொடுத்து அதே பெயரைச் சொன்னேன். மைக்கில் ஊருக்கே கேட்கப் பெயர் வாசிப்பது எனக்கு அன்றைக்குப் பிடித்திருந்தது.

பந்தியில் கண்ணாடிக் கடைக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். யார் சொன்னது என்று கேட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே சிரித்தார்.

"எவன் சொல்லணும்? நாங்க ஒருத்தனும் சந்தா கட்டலைங்குறது எங்களுக்குத் தெரியாதா? அப்புறம் சங்கத்துக்கு ஏது காசு? மொத காதுகுத்துலயே தெரிஞ்சுபோச்சு தங்கச்சி. அண்ணன் மறைச்சுச் செய்யிறாரு. போய் உங்க காசான்னு எப்படிக் கேக்க?"

அதைச் சந்தாவாகவே கட்டியிருந்தால் இவ்வளவு சுற்று வேண்டியதில்லையே என்று எனக்கு வாய் வரை வந்தது. இலையில் பாயசம் விழுந்ததால் விட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் கடையில் நானாகவே கேட்டுக் கலர் வாங்கிக் குடித்தேன்.

மீதி நகையைப் போட்டுப் பெண்ணை வழியனுப்பிவிட்டு, இரண்டொரு நாளில் தலைவர் மாடிக்கு வந்தார். மொய் நோட்டைக் கொண்டுவந்திருந்தார். சங்கத்தின் பெயரில் இவ்வளவு விழுந்திருக்கிறது, சங்கத்துக்கு இதைத் திருப்பிச் செய்ய வேண்டுமே என்று கவலையாகச் சொன்னார். சங்கம் விசேஷம் வைத்தால்தானே திருப்ப முடியும், இனிச் சங்கத்தில் ஒரு விசேஷமும் கிடையாது என்று நான் சொன்னேன். சொன்னபடியே, பிறகு மேசை நாற்காலி வாங்கியபோதுகூட யாரிடமும் வாய் திறக்கவில்லை. உறுப்பினர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும் என்பதையும் அவரிடம் சொல்லிவிட்டேன். அவர் திசைகாட்டியை எடுத்து மேசைமேல் வைத்து, முள் ஆடி நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சும் சொல்லாம இருந்தாய்ங்களாக்கும்" என்றார். பிறகு, "அன்னைக்குப் பால் எதுல காஞ்சுச்சுன்னு எனக்கு மட்டும் தெரியாதா? மொத மடக்குலயே மண்ணெண்ணெ வாடை."

அப்புறம் ஏன் அண்ணே சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அம்புட்டுப் பேரும் பொங்கிருச்சு பொங்கிருச்சுன்னு நின்னாய்ங்க. நான் என்னத்தச் சொல்ல?"

அவர் போனபிறகு சந்தாப் பக்கத்தை எடுத்தேன். ஒவ்வொரு பெயருக்கும் நேரே இருந்த 'பாக்கி' என்பதோடு 'இல்லை' என்று ஒரு சொல்லைச் சேர்த்தேன். ஒரு ரூபாய்கூடப் பெட்டிக்கு வரவில்லை. அப்பா பார்த்திருந்தால் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கியிருப்பார். என் வாழ்க்கையில் அவ்வளவு சரியான கணக்கை நான் அதற்கு முன்னால் எழுதியதில்லை.

அந்த வருஷ முடிவில் ஆடிட்டர் வந்து அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். பாக்கி இல்லை என்றால் வரவு எங்கே என்று கேட்டார். வரவையெல்லாம் ஆவணியில் ஒரு மண்டபத்தில் மைக்கில் வாசித்தாயிற்று சார் என்றேன். அவர் என்னைப் பார்த்தார். அந்தக் கல்யாணத்தில் அவரும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டவர். பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.